காரணம்: சும்மா

எங்கள் தோட்டத்தில்
மலைக்குப் போகிறேன் என்றால்
வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம்.
ஆறாம் நம்பர் மலை, பங்களா மலை, பள்ளத்து மலை.
எல்லாவற்றுக்கும் நிரை உண்டு, நிறுவை உண்டு,
கொழுந்து குறைந்தால் அரைப் பேர்.
ஒத்தைக்கல் உச்சிக்கு மட்டும் நம்பர் இல்லை.
தேயிலை அவ்வளவு தூரம் ஏறவில்லை.

அதற்காகத்தான் போயிருப்பார்கள்.

இஸ்டோரை மூடிய வருஷம்
பழைய செக்ரோல்கள் ஈரத்தில் ஊதிக் கிடந்தன.
அடுப்பெரிக்க அள்ளி வந்ததில்
வாச்சரின் குறிப்பேடு ஒன்று.
மாசி மாதம், ஞாயிறு, உச்சியில் ஆறு ஆள்:
பாய்லர் சடையாண்டி,
கவ்வாத்து ஞானமுத்து,
கொழுந்துக்காரி சிட்டம்மா, அவள் கொழுந்தன் மாரப்பன்,
சாக்குத் தைக்கும் ரெபெக்கா,
பேர் சொல்ல மறுத்த ஒருத்தி.
விறகு இல்லை. முயல் இல்லை. கசிப்பு இல்லை.
காரணம் என்ற கட்டத்தில்
எதையோ எழுதி அடித்து, மறுபடி எழுதி அடித்து,
கடைசியில் ‘சும்மா’ என்று போட்டிருக்கிறான்.

திங்கட்கிழமை
ஆறு பேருக்கும் பேர் வெட்டு.
பேர் சொல்லாதவளுக்கு எதை வெட்டினார்கள்
என்று எழுதவில்லை.

வாச்சர் மேலே ஏறவில்லை.
இறங்கும்வரை கீழே குந்தியிருந்ததாக
அவனே ஒப்புக்கொள்கிறான்.
ஆகவே மேலே நடந்தது பதிவில் இல்லை.
நானாகச் சொல்கிறேன்.

அட்டைக்கு ஞாயிறு தெரியாது.
அது வழக்கம்போல் ஏறியிருக்கும்.
கணுக்காலில் சவுக்காரம் தேய்த்துக்கொண்டு
அவர்களும் வழக்கம்போல்,
முதுகில் மட்டும் எதையோ மறந்து வந்த மாதிரி.
கூடைக் கயிறு இல்லாத நெற்றி
சிட்டம்மாவுக்கு முதலில் குளிர்ந்திருக்கும்.
பிறகு கழுத்து, தன்பாட்டில், நிமிர்ந்திருக்கும்.

கடைசி மூன்றாள் உயரம் வெறும் பாறை.
ரெபெக்கா இஸ்டோர் சாக்கைக் கிழித்து
இரவிரவாக முறுக்கிய கயிறு.
ஞானமுத்து அலவாங்கால் இடித்த குழி
இன்னும் இருக்கிறது, விரல் விட்டுப் பார்த்தேன்.
மழைத்தண்ணீர், அதில் ஒரு தலைப்பிரட்டை.

மேலே காற்று.
மூச்சு வாங்கி முடிய யாரும் பேசவில்லை.
தெற்கே, சமவெளி முடிகிற இடத்தில்,
தகரத்தை வெயிலில் போட்ட மாதிரி ஒரு கோடு.
“கடல்டா.”
“நம்மளக் கொண்டாந்ததா?”
“அது வேற கடல். அது முதுகுப் பக்கம்.”
மாரப்பன் திரும்பிப் பார்த்தான்.
முதுகுப் பக்கம் மலை, மலை, மலை.
பேர் சொல்லாதவள் ரொட்டியைப் பிய்த்து
ஆறு பங்கு வைத்தாள்.
கட்டைச் சம்பலில் பாறைத்தூள் நறநறத்தது.
கீழே துரை பங்களா,
தீப்பெட்டியை விடச் சின்னது.
சடையாண்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு
பெருவிரலால் அதை மறைத்தான்.
எடுத்தான். மறைத்தான்.
சிரித்துச் சிரித்து ரெபெக்காவுக்கு விக்கல்.

இவ்வளவுதான். இதற்குத்தான் ஒருநாள் சம்பளம்.

இப்போது பாதை தொடங்குமிடத்தில் பலகை நிற்கிறது:
மூன்று மணி நேரம், நடுத்தரக் கடினம்,
பழைய துரைமாரின் குதிரைப் பாதை.
குதிரை அந்தப் பாறை ஏறாது.
குதிரையைக் கேட்டாலே சொல்லும்.
இரண்டு கைக்கும் தடி வாங்கி வருகிறார்கள்,
நல்லவர்கள், தண்ணீர் தருகிறார்கள்,
ஹப்புத்தளையிலிருந்து எத்தனை ஆயிரம் அடி என்று
கையில் கட்டிய மணிக்கூட்டைக் கேட்கிறார்கள்.
அவர்கள் வழிதவறாமலிருக்க
பாறையிலும் சவுக்கு மரத்திலும்
மஞ்சள் அம்பு போடுவது என் வேலை.
நாட்கூலி. இருபத்திரண்டு அம்பு.

இன்று இருபத்திரண்டும் முடிந்தது,
டப்பாவில் இன்னும் கொஞ்சம் மஞ்சள்.
கடைசி அம்பு காட்டாத பக்கம் ஏறினேன்.
குழியில் கால்விரல் சரியாகப் பொருந்தியது.
பெயின்ட் டப்பாவைத் திறக்கவேயில்லை.
உட்கார்ந்தேன்.
பங்களா இப்போது ஹோட்டல்.
பெருவிரலுக்கு இன்னும் அடங்குகிறது.

சுப்பவைசர் போன் அடித்தான்.
எங்க நிக்கிற?
மலையில, என்றேன்.
சரி சரி, வேலையப் பாரு என்றான்.